சுபாவமும் அப்பியாசமும்

ஒரு மனிதனுடைய சுபாவம் அவன் பிறவியோடு கொண்டுவந்ததா, அல்லது பழக்கத்தால் பின்னர் படிந்ததா என்ற விசாரம் நம் நாட்டுத் தத்துவ ஞானிகளுக்குப் புதியதன்று; ஆனால் அதே கேள்வியை ஒரு தேசத்தை நோக்கிக் கேட்கும்போது அது எவ்வளவு சிக்கலாகிவிடுகிறது என்பதற்குக் கால்பந்தாட்டத்தைவிடத் தெளிவான சாட்சியம் எனக்குத் தென்படவில்லை. பிரேசில்காரருக்குப் பந்தோடு நர்த்தனமாடுவது பிறவிக் குணம் என்றும், இத்தாலியருக்கு அரண் கட்டிக் காப்பது ரத்தத்தில் ஊறியது என்றும் உலகம் தயக்கமின்றிப் பேசிக்கொள்கிறது. அப்படிப் பேசுவோர் பெல்ஜியத்தின் வரலாற்றைச் சற்று நின்று நோக்க வேண்டும்.

டச்சு, பிரெஞ்சு, ஜெர்மன் என மூன்று ஆட்சிமொழிகளைக் கொண்ட அந்தச் சிறிய நாட்டில், மொழிப் பூசல் அரசியலின் ஒவ்வொரு மூலையிலும் புகுந்திருந்தபோதிலும், பந்தாட்டத்தில் மட்டும் எல்லோருக்கும் பொதுவாக ஒரு குணம் இருந்துவந்தது: பின்னே ஒதுங்கிப் பொறுமையாகத் தற்காத்து நின்று, எதிராளி அசந்த சமயத்தில் பாய்வது. அந்தக் குணத்தைக் கொண்டே 1980 ஐரோப்பியக் கோப்பையில் இறுதியாட்டம் வரையிலும், 1986 உலகக் கோப்பையில் நான்காம் இடம் வரையிலும் அவர்கள் சென்றார்கள். ஆனால் 2000-இல் நெதர்லாந்தோடு சேர்ந்து தாங்களே நடத்திய ஐரோப்பியக் கோப்பையில் முதல் சுற்றிலேயே வெளியேறிய பின்னர், பெல்ஜியக் கால்பந்துச் சம்மேளனத்தின் தொழில்நுட்ப இயக்குநராக இருந்த மிஷெல் சப்லோனும் சகாக்களும், தேசத்தின் ஆட்டச் சுபாவத்தையே குழந்தைகளிடமிருந்து தொடங்கி மாற்றிவிடுவதென்று சங்கற்பம் செய்துகொண்டார்கள்.

சிறுவர்களின் ஆட்டங்களைப் படம்பிடித்துச் சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்கள் பரிசீலித்தபோது, மிகச் சிறிய குழந்தைகள் அரைமணி நேரத்தில் பந்தை இரண்டொரு முறைதான் தொடுகிறார்கள் என்பதும், பெரியவர்களின் சிரத்தையெல்லாம் வெற்றியின்மேலேயே குவிந்திருக்கிறது என்பதும் புலனாயின. ஆகவே இருவருக்கு இருவர், பிறகு ஐவருக்கு ஐவர், பிறகு எண்மருக்கு எண்மர் என்று வயதுக்கேற்ப ஆட்டம் சுருக்கப்பட்டது. பதினொருவர் ஆடும் பருவத்தில் 4-3-3 என்ற ஒரே வியூகம் விதிக்கப்பட்டது. எதிராளியைத் தனியே சந்தித்துப் பந்தைக் கடத்திச் செல்லும் துணிவுக்கு முதலிடம் தரப்பட்டது. எல்லாவற்றிலும் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று: ஏழெட்டு வயதுக் குழந்தைகளின் போட்டிகளுக்குப் புள்ளிப் பட்டியலே இல்லாமற் செய்தார்கள்.

பலனில் பற்றின்றிக் கருமம் செய் என்ற கீதையின் உபதேசத்தை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஆயினும் அந்தக் குழந்தைகள் துறவிகள் ஆனார்கள் என்று சொல்வது பிழை. கோல் போட்ட குழந்தை அன்றும் துள்ளத்தான் செய்தது, தோற்ற குழந்தை அழத்தான் செய்தது. பற்றைத் துறக்க வேண்டியவர்களாக இருந்தவர்கள் மைதானத்தின் ஓரத்தில் நின்ற தகப்பனும் பயிற்சியாளரும். தன் பிள்ளையின் வெற்றியைத் தன் வெற்றியாகக் கொள்ளும் மமகாரம் எந்தத் தேசத்துக்கும் தனியுடைமையன்று; அதை அறிவுரையால் அசைப்பது கடினமென்று உணர்ந்தே, அது பற்றிக்கொள்ளும் கொம்பாகிய பட்டியலை எடுத்துவிட்டார்கள். இதை வெறும் பயிற்சிமுறைச் சீர்திருத்தம் என்று நான் கருதவில்லை. மனித இயல்பை நன்கறிந்த ஒரு தர்மச் செயல் என்றே கருதுகிறேன்.

இதன் பயனாகத்தான் பெல்ஜியம் 2015 நவம்பரில் உலகத் தரவரிசையில் முதலிடம் பெற்றது என்று சொல்வோர் உண்டு. காரண காரியத் தொடர்பு அவ்வளவு நேரானதன்று. அந்த அணியின் முக்கிய ஆட்டக்காரர்களுள் ஈடன் அசார் பதினான்கு வயதில் பிரான்சின் லீல் கழகத்துக்குப் போய்விட்டவர். வெர்டோங்கனும் ஆல்டர்வைரல்டும் ஆம்ஸ்டர்டாமின் அயாக்ஸ் கழகத்தில் வளர்ந்தவர்கள்.

அதைவிட ஆழ்ந்த சிந்தனைக்குரியது 2018 உலகக் கோப்பையில் ஜப்பானோடு நடந்த ஆட்டம். ஸ்பெயின்காரரான பயிற்சியாளர் ரொபெர்த்தோ மார்த்தினெஸின் கீழ், பால்யத்தில் விதிக்கப்பட்ட வியூகத்தை விட்டு 3-4-3 என்று நின்ற அணி, இரண்டு கோல் பின்தங்கிச் சமன்செய்தது; ஆட்டத்தின் கடைசிக் கணங்களில் ஜப்பானியரின் கார்னர் உதையைக் கோல்காப்பாளர் கூர்த்துவா பிடித்து டெ பிராய்னவிடம் உருட்டிவிட, அவர் விரைந்தோடி மெனியேவுக்குக் கொடுக்க, மெனியே குறுக்கே அனுப்பிய பந்தை லுகாகு தொடாமல் விட, ஷாட்லி அதைக் கோலாக்கினார். அசந்த சமயத்தில் பாய்தல்! ஒழித்துவிட முயன்ற பூர்வ வாசனை முழு ஒளியோடு திரும்பிவிட்டது. ஆனால் அந்தப் பாய்ச்சலில் பங்கு கொண்டவர்கள் யார்? டச்சு பேசும் வடபகுதியார் இருவர், பிரெஞ்சு பேசும் தென்பகுதியார் ஒருவர், காங்கோவிலிருந்து வந்த பெற்றோரின் மகன் ஒருவர், மொராக்கோ வம்சாவளியினர் ஒருவர். ரத்தத்தின் வழியே வந்த குணமென்றால் இந்த ஐவருக்கும் பொதுவான ரத்தம் எது? தேசத்தின் சுபாவம் என்று நாம் வணங்குவதும், அதை மாற்ற வந்த பயிற்சியும், வெவ்வேறு காலத்து அப்பியாசங்களே என்று கொள்வதைத் தவிர எனக்கு வேறு வழி தோன்றவில்லை. புதியது பழையதை அழிப்பதில்லை, அதன்மேல் படிகிறது, சமயம் வரும்போது இரண்டும் ஒருங்கே எழுகின்றன.

அந்த ஆண்டு மூன்றாம் இடம் பெற்றபோது சப்லோனின் முறை நிரூபணமாயிற்று என்று புகழ்ந்தார்கள். 2022 உலகக் கோப்பையில் மொராக்கோவிடம் தோற்று முதல் சுற்றோடு திரும்பியபோது அது பொய்த்தது என்று சொல்வதும் எளிதாயிற்று. இரு சாராரும் கையில் ஏந்தி நிற்பது, ஏழு வயதுக் குழந்தையின் கண்ணில் படாமல் எடுத்து வைக்கப்பட்ட அதே பட்டியலைத்தான்.