அடங்குதலும் அடக்கப்படுதலும்

அருகப் பெருமானின் திருவடிகளை வணங்கி, அறநெறியில் நாட்டமுடைய சிராவக சிராவகியர் முன்னிலையில் ஒரு நகரத்தின் வரலாற்றை வைக்க விழைகின்றோம். அது நம் நாட்டு நகரமன்று. ஆயினும் அந்நகரம் ஓராண்டுக் காலம் பட்ட பாட்டில், நாம் பன்முறை ஓதியும் முழுதும் உணராத ஒரு தத்துவம் தெளிவாக விளங்குகின்றது.

ஹாங்காங், ஏறத்தாழ 75 இலட்சம் மக்கள் நெருங்கி வாழும் நகரம். குற்றஞ்சாட்டப்பட்டோரைச் சீனப் பெருநிலத்திடம் ஒப்படைக்க வழிசெய்யும் சட்ட முன்வரைவு ஒன்றை எதிர்த்து, 2019ஆம் ஆண்டு அங்கே பெருங்கிளர்ச்சி எழுந்தது. ஜூன் 9ஆம் நாள் பேரணியில் பத்து இலட்சம் பேர் கலந்துகொண்டனர் என்றனர் அதனை நடத்தியோர். 2,40,000 பேர் என்றது காவல்துறை. முன்வரைவு அக்டோபரில் முறைப்படி திரும்பப் பெறப்பட்ட பின்னரும் கொந்தளிப்பு ஓயவில்லை. ஒருபுறம் கண்ணீர்ப்புகையும் ரப்பர் குண்டுகளும். மறுபுறம் செங்கற்களும் தீக்குண்டுகளும். நவம்பரில், எறியப்பட்ட கல்லொன்று தலையில் பட்டு 70 வயதுத் துப்புரவுப் பணியாளர் ஒருவர் உயிரிழந்தார். உண்ணும் கடைகளும் கிளர்ச்சிக்கு ஆதரவானவை மஞ்சள், காவல்துறைக்கு ஆதரவானவை நீலம் என்று நிறம் பிரிந்தன. ஒரே வீட்டில் தந்தையும் மகனும் பேசாதிருந்தனர்.

எத்தரப்பின் கோரிக்கை நியாயமானது என்று தீர்ப்புக் கூறுவது இங்கே நம் நோக்கமன்று. இரு தரப்பும் ஒன்றே என்று சொல்லி ஒதுங்கவும் அநேகாந்தம் நமக்குக் கற்பிக்கவில்லை. தன் கண்ணில் பட்டதே பொருளின் முழுமை என்று பிடிவாதம் கொள்ளாதே என்பதே அதன் போதனை. அப்பிடிவாதம் முற்றியபோது சொல் கல்லாயிற்று, கல் கொலையாயிற்று.

இனி, நாம் சொல்லவந்த செய்திக்கு வருவோம். 1922ஆம் ஆண்டின் அவசரகாலச் சட்டம் ஒன்றைக் கொண்டு, கூட்டங்களிலும் பேரணிகளிலும் முகமூடி அணிவதை 2019 அக்டோபர் 5 முதல் அரசு தடைசெய்தது. நான்கு மாதம் கழிவதற்குள், 2020 ஜனவரி 23 அன்று, கொரோனா நோய் அந்நகரில் உறுதிசெய்யப்பட்டது. 2003இல் சார்ஸ் நோய்க்கு 299 உயிர்களைப் பறிகொடுத்த நகரம் அது. ஆதலின் அரசு ஆணையிடும் முன்னரே மக்கள் தாமே முகக்கவசம் அணிந்தனர். ஜூலையிலோ, அணியாமை குற்றம் என்று ஆணை பிறந்தது. அணிந்தால் குற்றம் என்ற சட்டமும், அணியாவிடில் குற்றம் என்ற சட்டமும் பத்து மாதத்திற்குள் ஒரே நகரில் தோன்றின!

துணி ஒன்றே, உள்ளக்கருத்து வேறு. தன்னை மறைக்க அணிந்தவர் உண்டு. தண்டத்திற்கு அஞ்சி அணிந்தவர் உண்டு. தன் மூச்சால் அயலான் நோயுறலாகாது என்று அணிந்தவரும் உண்டு. நம் திகம்பர முனிவர் கையில் மயிற்பீலி எதற்கோ, சுவேதாம்பரருள் ஸ்தானகவாசி, தேராபந்தி துறவியர் வாயில் கட்டும் முகபத்தியும் அதற்கே: சிற்றுயிர்க்கும் நம்மால் ஊறு நேரலாகாது என்பதற்கே. ஆணைக்கு முன்னரே அயலானை எண்ணி முகக்கவசம் அணிந்த ஹாங்காங் முதியவள் ஜைனம் என்ற சொல்லைக் கேட்டிராமல் இருக்கலாம். அவள் செய்தது அஹிம்சையே.

அதே நகரில் அச்சமும் தன் வேலையைச் செய்தது. தட்டுப்பாடு வரும் என்ற வதந்தியால் மக்கள் பொருள்களை வாங்கிக் குவித்தனர். பிப்ரவரி 17 அன்று மோங் காக் பகுதியில் கத்திமுனையில் கொள்ளை நடந்தது. கொள்ளை போனது பொன்னோ மணியோ அன்று. 600 சுருள் கழிவறைக் காகிதம்! மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதத்தை இதனினும் தெளிவாக எவர் விளக்க இயலும்?

மார்ச் 29 முதல் பொதுவிடத்தில் நால்வருக்கு மேல் கூடலாகாது. ஜூலை 29 முதல் இருவருக்கு மேல் கூடலாகாது. முப்பதாண்டுகள் நடந்துவந்த ஜூன் 4 நினைவேந்தல், நோயைக் காரணம் காட்டி அனுமதி மறுக்கப்பட்டது. ஜூன் 30 இரவு தேசியப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. செப்டம்பரில் நடக்கவேண்டிய சட்டமன்றத் தேர்தல் ஓராண்டு தள்ளிவைக்கப்பட்டது. நோயைத் தடுக்கவா, குரலை அடக்கவா என்ற ஐயம் பலர் உள்ளத்தில் தங்கிற்று. நம்பிக்கை இழந்த இடத்தில் நல்ல மருந்தும் நஞ்சென்று தோன்றும். ஆள்வோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நாமும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். சிறையில் அடைபட்டவன் பசியையும் வேட்கையையும் வேறு வழியின்றிப் பொறுத்துக்கொண்டால், அதனை அகாம நிர்ஜரை என்பர் ஆன்றோர். அதற்கும் சிறு பயன் உண்டு. ஆனால் இல்லறத்தான் ஒருவன், 'இன்று இத்தெருவைத் தாண்டேன்' என்று தானே எல்லை வகுத்துக்கொள்ளும் தேச விரதத்தின் பயன் வேறு. அங்கே வினை வரும் வாயில் அடைபடுகின்றது. இருவரும் வீட்டில்தான் இருக்கின்றனர். ஒருவன் அடக்கப்பட்டான், மற்றவன் அடங்கினான்.

2020 மார்ச் 25 முதல் நம் நாட்டிலும் ஊரடங்கு. அவ்வாண்டு ஏப்ரல் 6 அன்று மகாவீர் ஜயந்தியை இல்லத்திலேயே கொண்டாடினோம். அந்நாள்களை நாம் விரதமாக ஏற்றோமா, அல்லது கதவு எப்போது திறக்கும் என்று கைதியைப் போல் காத்திருந்தோமா? விடையை அவரவர் நெஞ்சே அறியும்.

ஆதலின் ஒரு வேண்டுகோள். வரும் தசலட்சண நாள்களில் ஒரு நாளேனும், கதவு திறந்திருக்க, எவர் ஆணையும் இன்றி, தேச விரதம் ஏற்போம். அரசியல் கருத்து வேறுபாட்டால் நாம் பேச்சு நிறுத்திய உறவினர் ஒருவர் இருப்பின், க்ஷமாவாணி நாளில் அவர் வாயிலுக்குச் சென்று, முதலில் நாமே மன்னிப்புக் கேட்போம். ஒரு நகரம் பெருவிலை கொடுத்துக் கற்ற பாடத்தை நாம் விலையின்றிக் கற்போம்.

வாழ்க அருளறம்! வளர்க நல்லறம்!