தேர்வெழுதுவது யார்?

ஆம்பூர்க் கடைவீதியில் தமிழ் பேசும்படி எந்தச் சட்டமும் யாரையும் கேட்டதில்லை. வீட்டில் உருது, தோல்ஷாப்பிலும் ஷூ கம்பெனியிலும் தமிழ் என்று ஒரே நாளில் பலமுறை மொழி மாறிப் பழகிய ஊர் அது. பேர்ணாம்பட்டும் வாணியம்பாடியும் அப்படித்தான். ஆனால் காலை வணக்கத்தில் தமிழ்த்தாய் வாழ்த்தைப் பிசகாமல் பாடும் பிள்ளை, அதே தமிழில் ஒரு பக்கம் எழுதச் சொன்னால் திகைப்பதுண்டு. செவிவழி வந்த மொழிக்கும் எழுத்துவழிப் பயிலும் மொழிக்கும் நடுவே ஓர் ஆசிரியர் நின்றாக வேண்டும்.

பள்ளிகளில் தமிழைக் கட்டாயப் பாடமாக்கிய 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் அவசரப்பட்டுப் புகுத்தியதன்று. அந்த ஆண்டு முதல் வகுப்பில் தொடங்கி, ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏறி, 2015-16இல் பத்தாம் வகுப்பைத் தொட்டது. குழந்தையோடு கூடவே வளரும்படி அமைந்த சட்டம். பாடத்திட்டத்தின் முதற்பகுதியில் இருந்த உருது, நான்காம் பகுதிக்கு விருப்பப் பாடமாக நகர்ந்தது. அந்த மனவருத்தம் சிறிதன்று. ஆயினும் தமிழ் படிக்கத் தெரியாமல் இம்மாநிலத்தில் வளரும் பிள்ளை, தாலுகா அலுவலக வாசலில் அயலாராக நிற்கும் என்பதால் சட்டத்தின் நோக்கத்தை நாம் குறைகூற முடியாது. முதல் அணி பொதுத்தேர்வை நெருங்கியபோது, போதிய தமிழாசிரியர்கள் இல்லை என்று மொழிச் சிறுபான்மையினர் உயர் நீதிமன்றத்தில் முறையிட்டனர். 2016இல் தமிழ்த் தேர்விலிருந்து விலக்கும் கிடைத்தது.

கட்டளையிடுபவர் கட்டளைக்கு வெளியே நிற்பதாகவே நாம் எண்ணிக்கொள்கிறோம். ஆனால் ஒரு சிறுமியிடம் இதை நீ கற்றே ஆக வேண்டும் என்று அரசு சொல்லும் அக்கணமே, கற்பிக்க ஆள் அனுப்புவதும், புத்தகம் கொண்டு சேர்ப்பதும், அவள் வீட்டு மொழியை இழிவாக எண்ணாதிருப்பதும் தன் கடமை என்று தனக்கும் சேர்த்தே அது கட்டளையிட்டுக்கொள்கிறது. அந்தக் கடமை நிறைவேறாத இடத்தில் நடக்கும் தேர்வு, பிள்ளையின் அறிவை அளப்பதாகத் தோன்றினாலும், ஆள்வோர் தந்த வாக்கையே அளந்து, அதில் கண்ட குறையைப் பிள்ளையின் பெயரில் எழுதிவிடுகிறது.

விலக்கும் இதற்குத் தீர்வன்று. விலக்கு பெற்றவள் தேர்விலிருந்து தப்புகிறாளே ஒழிய, மொழியைப் பெறுவதில்லை. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சிறுபான்மைப் பள்ளிகளுக்கு மேலும் ஓராண்டு விலக்களித்தது. 2006இல் முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளைக்கு அப்போது 22 வயது இருக்கும். வழக்கு மட்டும் இன்னும் பத்தாம் வகுப்பிலேயே இருந்தது.