நன்றி கேளாத அருள்

மயிலுக்குப் போர்வை ஈந்தான் பேகன். முல்லைக் கொடிக்குத் தேர் ஈந்தான் பாரி. இவ்விரு செய்திகளையும் தமிழ்ப்பள்ளி மாணவர் அனைவரும் அறிவர். ஆயின், மயில் அழகுடையது, முல்லை மணமுடையது. இவற்றுக்கு இரங்கிய நெஞ்சம் புண்பட்டுக் கிடக்கும் பாம்பொன்றைக் கண்டும் இரங்குமா? கடையெழு வள்ளல்களுள் எவரும் அச்சோதனைக்கு உட்படவில்லை.

சுங்கை லாலாங் போன்ற கெடா மாநிலச் சிற்றூர்களில் இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. செம்பனைத் தோட்டத்து எலிகளைத் தேடி மலைப்பாம்பு வருகிறது. வேலி வலையில் சிக்கியோ, வெட்டுக் கத்தி பட்டோ அதன் தோல் கிழிகிறது. சில வேளைகளில் வேடிக்கைக்காகப் பிடித்துப் பெட்டியில் அடைத்தவர், ஆசை தீர்ந்ததும் அதனை மறந்துவிடுகின்றனர். 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உரிமமின்றி மலைப்பாம்பைப் பிடிப்பதையும் வளர்ப்பதையும் தடுக்கிறது. தடுப்பது சட்டத்தின் வேலை. இரங்குவதைச் சட்டம் கற்பிக்க இயலாது.

பாம்பு தன் மேல்தோலை உதட்டிலிருந்து வால்வரை ஒரே சட்டையாக உரிக்கும். கண்ணை மூடிய மெல்லிய படலமும் அதனுடன் கழன்றுவிடும். புண்பட்ட இடத்திலோ பழைய தோல் ஒட்டிக்கொள்கிறது. ஈரமும் அழுக்கும் நிறைந்த பெட்டியில் செதில்கள் அழுகுகின்றன. மிக வறண்ட இடத்தில், உரியாத தோல் வால்நுனியை இறுக்கிக் குருதியோட்டத்தையே தடுக்கிறது. இரக்கம் மேலிட்டு அத்தோலைக் கையால் இழுத்தால், அடியிலுள்ள இளந்தோலும் கிழியும். தூய தரை, உடல் நனையத் தண்ணீர், ஒரு பக்கம் இளஞ்சூடு, ஒளிந்துகொள்ள ஓர் இருட்டிடம், விலங்கு மருத்துவர் தரும் மருந்து ஆகியவையே அதற்கு வேண்டும். ஒவ்வொரு சட்டை உரிப்பிலும் புண் சிறிது ஆறும். முழுவதும் ஆறப் பல திங்கள் ஆகலாம். அதுவரை அதனைத் தொடாமலும் கிளறாமலும் விட்டுவைப்பதே பெரிய உதவி.

கடினமும் இங்கேதான் இருக்கிறது. நாய் வாலாட்டும், பசு கையை நக்கும். பாம்புக்கோ, மருந்திடும் கையும் அடிக்க வரும் கையும் ஒன்றே. அன்புக்கு மறுமொழி எதிர்பார்ப்பவர் அதன் அருகில் நெடுநாள் நிற்கமாட்டார்.

புற்றுக்குப் பால் வார்ப்பது நம்மவர் வழக்கம். ஊன் உண்ணும் உயிருக்குப் பால் உணவாகாது. நாக பஞ்சமிக்காகப் பாம்பாட்டிகள் நாகத்தின் பல்லைப் பிடுங்கி, பல நாள் தண்ணீரின்றி வாட்டுவதுண்டு. விடாய் தாளாமல் அது பாலைக் குடிக்க, கண்டவர் கைகூப்புவர். அது வழிபாடாகலாம், பேணுதல் ஆகாது. பினாங்கில் உள்ள பாம்புக் கோயிலின் கதை வேறு. அங்குப் போற்றப்படும் சோர் சூ கோங் என்னும் துறவி காட்டுப் பாம்புகளுக்குத் தம் இருப்பிடத்தில் புகலிடம் அளித்தார் என்பர். கதையே ஆயினும், பாம்பின் தேவையை அறிந்தவர் சொன்ன கதை அது.

இவ்வருளை எதிர்ப்போரின் சொல்லையும் எளிதில் தள்ளலாகாது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக் கடியால் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் மாண்டனர் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் பாம்பின் புண்ணைப் பற்றிப் பேச எவருக்கு வாய் வரும்? அவளை இரங்கச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆனால், அவளது துயரைக் கடன் வாங்கிக்கொண்டு, பெட்டியில் அடைபட்ட உயிரை அழுகவிடுபவருக்கும் அவ்வுரிமை இல்லை. மேலும், நச்சுமுறி மருந்து பாம்பின் நஞ்சிலிருந்தே பிறக்கிறது.

தமிழ்நாட்டு இருளர் ஒரு காலத்தில் தோலுக்காகப் பாம்பு பிடித்தவர்கள். அவ்வாணிகம் தடைப்பட்டபின், 1978இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் பாம்புகளைச் சில வாரம் வைத்து நஞ்செடுத்து, மீண்டும் காட்டில் விடுகின்றனர். அவர்களுள் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. விடுமுன், மறுபடி பிடிக்காதிருக்க, வயிற்றுச் செதிலில் சிறு வெட்டு அடையாளம் இடுவர். சில முறை சட்டை உரித்தபின் அதுவும் மங்கிப்போகும். பிறகு வயல் வரப்பில் அப்பாம்பு எதிர்ப்பட்டாலும் அவருக்கு அதனைத் தெரியாது. அதற்கும் அவரைத் தெரியாது.