கையும் கருத்தும்

ஈய எழுத்துக்களைக் கையால் கோத்து அச்சிட்ட காலத்தில் நடந்தது இது. என் நாவல் ஒன்று புத்தகமாகி வந்த அன்று ஆவலோடு பிரித்தேன். ஐந்தாம் அத்தியாயத்தில் இறந்துபோன கிழவர், பன்னிரண்டாம் அத்தியாயத்தில் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்! பிழை என்னுடையதுதான். அச்சகத்துக்கு ஓடினேன். கம்பாசிடர் பெரியவர் அமைதியாகச் சொன்னார்:

“கோக்கும்போதே பார்த்தேன், சார்.”

“பார்த்தும் ஏன் சொல்லவில்லை?”

“போன புத்தகத்தில் ஒன்று சொன்னேன். ‘கோப்பதுதான் உன் வேலை’ என்றார் முதலாளி. நீங்களும் பக்கத்தில்தான் இருந்தீர்கள்.”

இருந்தேன். அப்போது நான் சிரித்ததும் நினைவுக்கு வந்தது.

கூலி கொடுத்து ஒருவருடைய உழைப்பைப் பெறுகிறோம். அதற்காக, அவருடைய அறிவைச் செருப்போடு சேர்த்து வாசலில் விட்டுவிட்டு வரச் சொல்ல நமக்கு என்ன உரிமை?

சட்டம் இதை நினைக்காமல் இல்லை. நூறு பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில், இரு தரப்பாரும் கூடிப் பேசும் குழுக்களுக்கு 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டம் வழி செய்தது. ஆனால் எதைப் பேசுவது? 1959இல் இந்தியத் தொழிலாளர் மாநாடு ஏற்ற பட்டியலின்படி குடிநீர், வெளிச்சம், சிற்றுண்டிச்சாலை பற்றிப் பேசலாம்; சம்பளமும் போனஸும் ஆட்குறைப்பும் அந்தக் குழுவுக்கு அப்பாற்பட்டவை. நிர்வாகத்தில் தொழிலாளர் பங்குபெற அரசு வழிசெய்ய வேண்டும் என்ற கொள்கை, 1976இல்தான் அரசியல் சட்டத்தில் இடம் பெற்றது.

“தொழிலாளிக்கு நிர்வாகம் என்ன தெரியும்?” என்று கேட்பவர்கள் உண்டு. 1957இல் காப்பி போர்டு தன் காப்பி ஹவுஸ்களை மூட முற்பட்டது. வேலையிழந்து நின்றவர்கள், ஏ. கே. கோபாலன் காட்டிய வழியில் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து, அந்தக் கடைகளைத் தாங்களே ஏற்று நடத்தினார்கள். நேற்றுவரை தட்டு ஏந்திய கைகள், கணக்கும் எழுதின.

ஆனால், எல்லோரும் சொல்வதையெல்லாம் ஏற்க முடியுமா? முடியாது. கேட்பது வேறு, இணங்குவது வேறு. முடிவு செய்துவிட்டு அபிப்பிராயம் கேட்பதுதான் அவமதிப்பு.

அடுத்த நாவலின் கையெழுத்துப் பிரதியைக் கொடுக்கும்போது அந்தப் பெரியவரிடம், “தோன்றுவதைச் சொல்லுங்கள்” என்றேன். மூன்று இடங்களைக் குறித்திருந்தார். இரண்டைத் திருத்தினேன். மூன்றாவதை ஏன் திருத்தவில்லை என்று அவருக்குக் காரணம் சொன்னேன். தலையசைத்து ஏற்றுக்கொண்டார். அந்தக் காரணத்தைச் சொல்ல எனக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.