கையில் பிடித்த முதுமை

நெதர்லாந்தின் லெய்டன் நகரில், லாக்கன்ஹால் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஓவியம் அது. டேவிட் பெய்லி 1651-இல் வரைந்தது. மேசை கொள்ளாமல் பொருள்கள்: மண்டையோடு, மணற்கடிகாரம், அணைந்த மெழுகுவர்த்தி, உதிர்ந்த ரோஜாக்கள், காசுகள், முத்துமாலை, கவிழ்ந்த கண்ணாடிக் கோப்பை. மேலே சோப்புக் குமிழிகள் மிதக்கின்றன. வாழ்வு நீர்க்குமிழி என்று நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டாம்; அதனால் இந்தச் சாமான்களை எளிதில் தாண்டிவிட்டேன்.

தாண்ட முடியாதது அந்த இளைஞனின் கை. இடப்பக்கம் உட்கார்ந்து நம்மையே பார்க்கும் அவன், முட்டை வடிவச் சிறு படம் ஒன்றை மேசைமேல் நிறுத்திப் பிடித்திருக்கிறான். அதில் தாடிவைத்த முதியவர் ஒருவர். முதலில் அவனுடைய அப்பா என்றுதான் தோன்றும். ஆனால் பெய்லி பிறந்தது 1584-இல். ஓவியத்தை முடித்தபோது அறுபத்தேழை ஒட்டிய வயது. ஆக, வரைந்தவரின் அன்றைய முகம் சட்டத்துக்குள் இருப்பதுதான். உயிரோடு உட்கார்ந்திருப்பவன் என்றோ போய்விட்ட இளம் பெய்லி.

நாம் செய்வது இதற்கு நேர்மாறு. முதுமையில் இருந்துகொண்டு இளமைப் படத்தைக் கையில் எடுத்துப் பெருமூச்சு விடுவோம். பெய்லி இடத்தை மாற்றிவிட்டார். எனக்கு அது தந்திரமாகப் படவில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னதாகவே படுகிறது. அடையாள அட்டையில் இருக்கும் நரைத்த ஆள்தான் எனக்கு அந்நியன். அதை நீட்டுகிறவனுக்கு இன்னும் இருபத்தைந்துக்குமேல் ஆகவில்லை.

இன்னொன்றும் உண்டு. எல்லாம் வீண் என்று உண்மையிலேயே நம்பியவர் முத்தின் மினுக்கத்துக்கு இவ்வளவு மெனக்கெடுவாரா? கடல் வணிகத்தில் செல்வம் குவிந்த நாடு. பிரசங்கமோ ஆடம்பரத்தைக் கண்டித்தது. மண்டையோட்டை வைத்துக்கொண்டால் முத்துமாலையையும் கூச்சமில்லாமல் ரசிக்கலாம். இது போலித்தனம் என்பார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். போகப்போகிறது என்று தெரிந்த பிறகுதானே ஒரு பொருளை நன்றாகப் பார்க்கிறோம்.

அந்த இளைஞன் பெய்லியே அல்ல, வேறு யாரோ என்று வாதிடுவோரும் உண்டு. அப்படியானால் படம் இன்னும் கடுமையாகிறது: தன் முகத்தைக் கொண்டுபோய் ஒரு வாலிபன் கையில் கொடுத்து, பிடித்துக்கொள் என்கிறார் கிழவர். அவனும் பிடித்துக்கொண்டு, அதைப் பார்க்காமல் நம்மைப் பார்க்கிறான்.