உள்ளங்கை அளவு மேகம்



கர்மேல் மலையில் இறைவாக்கினர் எலியா மழை வேண்டித் தரைமட்டும் குனிந்து கிடக்கிறார். ஆறுமுறை கடலைப் பார்த்துவந்த பணியாளர் வெறுங்கையோடு திரும்புகிறார். ஏழாம் முறைதான் உள்ளங்கை அளவு மேகம் கடலிலிருந்து எழுகிறது. உத்திரமேரூர் மக்களுக்கு இந்தக் காட்சியை விளக்கவே வேண்டாம். ஐப்பசியில் கிழக்கு வானத்தைப் பார்த்து ஏங்கி நிற்பவர்கள் நாம். நம் ஏரியை நிரப்புவது வங்கக்கடல் அனுப்பும் மேகம்.

மேகம் திரள நீராவி மட்டும் போதாது. அது பற்றிக்கொள்ள ஒரு துகளும் வேண்டும். கடலில் மிதக்கும் நுண்பாசிகளிலிருந்து டைமெத்தில் சல்ஃபைடு என்ற வாயு பிறக்கிறது. கடற்கரையில் நம் மூக்கில் ஏறும் வாசனையில் அதற்கும் பங்குண்டு. காற்றில் அது கந்தகத் துகளாக மாறுகிறது. அதன்மேல் நீராவி படிந்து துளியாகிறது. கண்ணுக்கே தெரியாத உயிரைக் கொண்டு ஆண்டவர் வானத்தில் மேகம் கூட்டுகிறார்!

அதே கடல் நைட்ரஸ் ஆக்சைடையும் வெளிவிடுகிறது. எடைக்கு எடை, கரியமில வாயுவைவிடச் சுமார் 270 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு இது. இயற்கையாகவே கொஞ்சம் வரும். ஆனால் இந்தியாவின் மேற்குக் கரையோர அரபிக்கடலில் ஆக்சிஜன் வற்றி, இது மிகுதியாகக் கிளம்புவதை கோவா தேசியக் கடலியல் நிறுவனத்தின் நக்வியும் உடன் உழைத்தவர்களும் 2000-இல் எழுதினார்கள். நிலத்திலிருந்து வந்துசேரும் உரச்சத்தே காரணமாக இருக்கலாம் என்றார்கள். நம் வங்கக்கடலின் நடு ஆழத்திலும் ஆக்சிஜன் அணுவளவே மிச்சம். அந்த அணுவளவுதான் அதை அரபிக்கடலைப் போல ஆகாமல் தடுத்துவருகிறது.

என் மனம் இங்கேதான் கனக்கிறது. பயிர் எடுக்காமல் விட்ட யூரியாவில் ஒரு பகுதி வயலிலேயே நைட்ரஸ் ஆக்சைடாகப் போகிறது. இன்னொரு பகுதி மழைநீரோடு செய்யாற்றில் இறங்கி, திருமுக்கூடலில் பாலாற்றோடு கூடி, சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே கடலை அடைகிறது. நமக்கு மழை தரும் கடலுக்கு நாம் திருப்பி அனுப்புவது இதையா?

1,100 ஆண்டுகளுக்கு முன், பராந்தக சோழன் காலத்தில், இதே ஊரில் குடவோலை எடுத்து ஏரி வாரியத்துக்கு ஆள் தேர்ந்தார்கள். அந்தக் கல்வெட்டு இன்றும் நிற்கிறது. ஏரிக்குப் பொறுப்பேற்ற ஊருக்கு, அந்த நீர் போய்ச்சேரும் கடலிடமும் கடமை உண்டு.

வரும் சம்பாவில் மேலுரம் இடுமுன், இலை வண்ண அட்டையை நெல் இலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அட்டை இல்லாதவர்கள் வேளாண் விரிவாக்க மையத்தில் கேளுங்கள். பச்சை போதுமானதாக இருந்தால் யூரியா மூட்டையைப் பிரிக்க வேண்டாம். மழை கறுத்து நிற்கும் நாளில் தூவவே வேண்டாம்.