நாழிச் சோறும் நெடிய ஓட்டமும்

கோசல நாட்டு மன்னன் பசேனதி ஒருநாள் வயிறு முட்ட உண்டபின், சிராவஸ்தியில் எழுந்தருளியிருந்த புத்தபிரானைத் தரிசிக்கச் சென்றான். துரோணம் என்னும் பேரளவு சோற்றை உண்பது அவனது வழக்கம். வணங்கி அமர்ந்தவனுக்கு மூச்சு வாங்கியது. பெருமான் அவனைக் கடிந்து கொள்ளவில்லை. விழிப்புடன் இருந்து, கிடைத்த உணவில் அளவறிந்து உண்பவனுக்கு வேதனைகள் மெலியும், முதுமை மெல்ல வரும், ஆயுள் காக்கப்படும் என்னும் கருத்தமைந்த ஒரு சிறு பாடலை மட்டும் அருளினார்.

மன்னன் தன் பலவீனத்தை நன்கு அறிந்தவன். கேட்ட உபதேசம் சோற்றின் மணம் எழுந்ததும் மறந்து போகும் என்பதை உணர்ந்தான். ஆகவே, பின்னால் நின்ற சுதர்சனன் என்னும் இளைஞனை அழைத்து, அப்பாடலைக் கற்றுக்கொண்டு தான் உண்ணும் வேளைகளில் எல்லாம் சொல்லுமாறு பணித்தான். அதற்காக நாள்தோறும் 100 காசு அளிக்கவும் இசைந்தான். நாளடைவில் மன்னனின் உணவு ஒரு நாழிச் சோற்றளவில் வந்து நின்றது. உடல் மெலிந்து இலேசானபோது தன் கைகால்களைத் தடவிப் பார்த்து, இம்மைக்கும் மறுமைக்கும் உரிய நன்மையைப் பெருமான் அருளினார் என்று மகிழ்ந்தான். சம்யுத்த நிகாயம் என்னும் பாலி நூல் இவ்வரலாற்றைக் கூறுகிறது.

இதில் மூன்று படிகள் உள்ளன. முதலாவது, குறையை ஒளிக்காமல் ஏற்றுக்கொள்ளுதல். இரண்டாவது, மறதியை வெல்ல ஒரு துணையை அமைத்துக் கொள்ளுதல். மூன்றாவது, படிப்படியாகக் குறைத்தல். மன்னன் பட்டினி கிடக்கவில்லை. மிகுதியாக உண்பவனுக்கும் யோகம் கைகூடாது, அறவே உண்ணாதவனுக்கும் கைகூடாது என்பது கீதையின் 6-ஆம் அத்தியாயம் காட்டும் நடுவழி. உணவு, நடமாட்டம், செயல், உறக்கம், விழிப்பு ஆகிய அனைத்திலும் அளவு வேண்டும் என்று கண்ணபிரான் அங்கே உணர்த்துகிறார்.

அண்மைக் காலத்திலும் இதற்கோர் உதாரணம் உண்டு. ஜெர்மனியின் அரசியல் தலைவர் யோஷ்கா ஃபிஷர் 1996-ஆம் ஆண்டில் சுமார் 112 கிலோ எடை கொண்டிருந்தார். அவரது இல்லற வாழ்வு முறிந்த காலம் அது. துயரம் பலரை மேலும் உண்ணவும் குடிக்கவும் தூண்டும். அவரோ மதுவை விலக்கினார், உணவை மாற்றினார், ஓடத் தொடங்கினார். தொடக்கத்தில் சிறிது தூரம் ஓடுவதே பெரும்பாடாக இருந்தது. எனினும் விடவில்லை. ஓராண்டுக்குள் 30 கிலோவுக்கும் மேல் குறைந்தது. 1998-இல் ஹாம்பர்க் நகரில் 42 கிலோமீட்டருக்கும் அதிகமான மராத்தான் தூரத்தை நான்கு மணி நேரத்திற்குள் ஓடி முடித்தார். அவ்வாண்டிலேயே நாட்டின் வெளியுறவு அமைச்சரானார். அனுபவங்களை நூலாக எழுதியபோது, தன்னை நோக்கித் தான் ஓடிய நீண்ட ஓட்டம் என்னும் பொருள்பட அதற்குப் பெயரிட்டார்.

கதை இங்கு முடிந்திருந்தால் அது வெறும் வெற்றிக் கதையாகும். அமைச்சராக இருந்த ஆண்டுகளில், 2005-இல் பதவியை விட்டு நீங்குவதற்கு முன்னரே, அவரது உடல் மீண்டும் பருத்துவிட்டதை உலகம் கண்டது. இதைக் கண்டு நகைப்பதற்கு எவருக்கும் உரிமையில்லை. எடை குறைந்த உடல் பசியைப் பெருக்கி, இழந்ததை மீட்க முயல்வது இயற்கை என்று மருத்துவ அறிவியல் கூறுகிறது. பரம்பரை, நோய், மருந்து ஆகியவையும் உடலைப் பருக்கச் செய்யும். பருத்த உடலை ஒழுக்கக் குறைவின் அடையாளமாகக் கருதுவது அறியாமை. அதிலும் கொடியது, அதை ஏளனம் செய்வது.

ஆயினும் சாதகனுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. எல்லைக்கோட்டைத் தொட்டதும் ஓட்டம் முடிகிறது. சாதனைக்கோ அப்படியொரு எல்லைக்கோடு இல்லை. நெடுங்காலம், இடைவிடாமல், சிரத்தையுடன் செய்யப்படும் அப்யாசமே வேரூன்றும் என்பது பதஞ்சலி முனிவரின் கருத்து. நேற்றைய ஜபம் இன்றைய மனத்தை அடக்காததுபோல, சென்ற ஆண்டின் ஓட்டம் இந்த ஆண்டின் உடலைக் காக்காது. ஆகவே தவறியவன் வெட்கி ஒதுங்க வேண்டியதில்லை. மறுநாள் காலையில் மீண்டும் எழுந்தால் போதும். விழுந்த இடமே அவன் புறப்படும் இடம்.

வாரத்தில் 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு பெரியவர்களுக்குத் தேவை என்று உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. நாளொன்றுக்குக் கணக்கிட்டால் அது அரை மணிக்கும் குறைவே. நெடுநாள் உழைப்பின்றி இருந்தவரும், இதய நோய் உள்ளவரும் மருத்துவரைக் கலந்து, முதலில் நடந்து, பின்னரே ஓடப் பழகுவது நலம். நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் இஷ்ட தெய்வத்தின் நாமத்தைச் சேர்த்துக் கொண்டால், உடற்பயிற்சியே உபாசனையாகிவிடும்.

உடல் இளைத்ததும் வேறோர் ஆபத்து பதுங்கியிருக்கிறது. முன்பு நாவுக்கு அடிமையாயிருந்தவன், பின்பு கண்ணாடிக்கு அடிமையாகலாம். கொழுப்புக் கரைந்த இடத்தில் அகங்காரம் பருக்குமானால் பயன் என்ன? சரீரம் இறைவன் தந்த கருவி. கருவியைத் தூய்மையாக வைத்திருப்பது அதைப் பூஜிப்பதற்காக அன்று, அதைக்கொண்டு பணி செய்வதற்காக. இலேசான உடல் அதிகாலையில் தியானத்திற்கு எழட்டும். வலுவான கால்கள் துன்புற்றவரின் வாயிலுக்கு விரைந்து செல்லட்டும்.

பசேனதிக்கு நினைவூட்ட ஒரு சுதர்சனன் தேவைப்பட்டான். ஒவ்வொருவர் உள்ளத்திலும் அந்தர்யாமியாக ஒரு குரல் எந்நேரமும் ஒலித்துக் கொண்டிருக்கிறது. அதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. செவி கொடுத்தால் போதும். அடுத்த கவளத்தை எடுக்கும் முன் ஒரு கணம் நின்று அக்குரலைக் கேட்பவனுக்கு இறையருள் துணை நிற்கும்.